கடன் வாங்கிய கனவுகள்

சென்ற ஆண்டுப் பள்ளி நாள் விழாவில் எங்கள் வகுப்பு ஒரு நாடகம் நடித்தது. அதன் பெயர் 'இரும்பு மகள்'. விபத்தில் தம் ஒரே மகளை இழந்த விஞ்ஞானி ஒருவர், அவளைப் போலவே ஓர் இயந்திரப் பெண்ணைச் செய்கிறார். ஆண்டுகள் செல்கின்றன. இயந்திரம் வளரவில்லை. 'இவள் என் மகள் அல்லள்' என்று வெகுண்டு, அவளைச் சர்க்கஸ்காரனிடம் விற்றுவிடுகிறார். அரங்கில் தாய்மார்கள் பலர் கண்களைத் துடைத்துக் கொண்டார்கள். கைதட்டல் ஓய நெடுநேரம் ஆயிற்று. அழைப்பிதழில் 'கதை, வசனம்: பத்தாம் வகுப்பு மாணவியர்' என்று அச்சிட்டிருந்தோம்.

விழா முடிந்து நாங்கள் ஒப்பனையைக் கலைத்துக் கொண்டிருந்தபோது ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி வந்து நின்றாள். "அக்கா, இது நான் டி.வி.யில் பார்த்த கதைதானே? அதிலே பொண்ணு இல்லே, பையன் வருவான்" என்றாள்.

அவள் எங்கள் மீது குற்றம் சாட்டவில்லை. தனக்குத் தெரிந்த கதையை மேடையில் கண்ட மகிழ்ச்சியில்தான் கேட்டாள். ஆனால் எங்களில் ஒருவராலும் பதில் சொல்ல இயலவில்லை. ஒரு ஜப்பானியச் சித்திரப் படத்திலிருந்து எடுத்த கதை அது. மகனை மகளாக்கினோம், ஜப்பானைச் சென்னையாக்கினோம், அவ்வளவே எங்கள் உழைப்பு. மறுநாள் வகுப்பாசிரியையான சிஸ்டரிடம் சென்று உண்மையைச் சொன்னோம். கடிந்து கொள்வார் என்றே எண்ணினோம். அவரோ, "கடன் வாங்காத கலைஞர் யாரேனும் உண்டா என்று தேடிப் பாருங்கள். வாங்கியவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள்" என்று மட்டும் கூறினார். விடுமுறையில் நாங்கள் தேடிக் கண்டதையே இங்கே எழுதுகிறோம்.

நன்னூல் காட்டும் வழி

தேடத் தொடங்கியதும் எங்களுக்கு முதலில் கை கொடுத்தது தமிழ் இலக்கண வகுப்பு. பவணந்தி முனிவர் நன்னூலில் நூல்களை முதல் நூல், வழி நூல், சார்பு நூல் என மூவகையாகப் பிரிக்கிறார். வினை நீங்கிய அறிவுடைய இறைவன் கண்டதே முதல் நூல். அதன் முடிவை முழுதும் ஒத்து, ஆசிரியர் தமக்கு வேண்டிய வேறுபாடுகளைச் சேர்த்துச் செய்வது வழி நூல். முன்னைய நூல்களைச் சிறிதளவே ஒத்து, மற்றவற்றில் வேறுபடுவது சார்பு நூல். ஆக, மனிதராய்ப் பிறந்தவர் எழுதுவது பெரும்பாலும் வழி நூலோ சார்பு நூலோதான். அதனை நம் முன்னோர் இழிவாகக் கருதவில்லை. வால்மீகியின் வழியே வந்த கம்பரைக் கவிச்சக்கரவர்த்தி என்றே போற்றினர்.

விஞ்ஞானக் கற்பனைப் படங்களை எடுப்போர்க்கு இந்தக் கடன் இன்னும் அதிகமாகத் தேவைப்படுகிறது. அதற்குக் காரணம் உண்டு. சரித்திரப் படம் எடுப்பவர் பழைய அரண்மனையைச் சென்று பார்க்கலாம். குடும்பப் படம் எடுப்பவர் அடுத்த வீட்டைப் பார்க்கலாம். ஆனால் இருநூறு ஆண்டுகளுக்குப் பிந்திய தெருவை எங்கே போய்ப் பார்ப்பது? எவரும் காணாத ஒன்றை வரைய வேண்டும். பார்ப்பவருக்கும் அது உடனே விளங்க வேண்டும். ஆகவே தமக்கு முன் ஒருவர் வரைந்த எதிர்காலத்தையே இவர்கள் பாடமாக வைத்துக் கொள்கிறார்கள்.

முதலில் நிலவுக்குப் போனவர்

1902-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டின் ஜார்ஜ் மெலியே 'நிலவுக்கு ஒரு பயணம்' என்ற படத்தை எடுத்தார். பீரங்கிக் குண்டு ஒன்று பாய்ந்து நிலவின் கண்ணில் குத்தி நிற்கும் காட்சியை இன்றும் பாடப் புத்தகங்களில் காண்கிறோம். பீரங்கியால் மனிதரை நிலவுக்கு அனுப்பும் எண்ணம் ஜூல்ஸ் வெர்ன் 1865-இல் எழுதிய நாவலில் இருந்தது. நிலவுக்குள் வாழும் பூச்சி போன்ற மாந்தர், எச். ஜி. வெல்ஸ் 1901-இல் வெளியிட்ட நாவலில் இருந்தனர். மெலியே இரண்டையும் எடுத்துக் கொண்டார். ஆனால் அவை எழுத்தில் இருந்தவை. அவற்றைத் திரையில் நடமாட வைத்த தந்திரக் காட்சிகளும், அந்த நிலவின் முகமும் மெலியேயின் சொந்த உழைப்பு.

இனி மறுபக்கத்தைப் பாருங்கள். அப்படம் அமெரிக்காவுக்குப் போனபோது அங்கிருந்த கம்பெனிகள் படச்சுருளையே அப்படியே பிரதி எடுத்து விற்றன. புகழ்பெற்ற எடிசனின் கம்பெனியும் அவற்றுள் ஒன்று. இலாபத்தின் பெரும்பகுதி மெலியேக்கு வந்து சேரவில்லை. பிற்காலத்தில் அவர் பாரிஸ் நகரின் மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் பொம்மையும் மிட்டாயும் விற்றுப் பிழைத்தார். வெல்ஸிடமிருந்து மெலியே எடுத்ததும், மெலியேயிடமிருந்து அந்தக் கம்பெனிகள் எடுத்ததும் ஒன்றாகுமா? ஆகாது என்றே எங்களுக்குத் தோன்றியது. அவர் எடுத்ததில் தம்முடையதைச் சேர்த்தார். அவர்கள் எதையும் சேர்க்கவில்லை.

ஒரே ஒரு புகைப்படம்

இப்போது நாங்கள் எடுத்த கதையின் சொந்தக்காரரிடம் வருகிறோம். அவர் பெயர் ஒசாமு தெசுகா (1928–1989). ஜப்பானியர் தம் சித்திரக் கதைகளை 'மங்கா' என்றும், சித்திரப் படங்களை 'அனிமே' என்றும் அழைக்கின்றனர். இவ்விரண்டிலும் தெசுகாவுக்கு நிகரானவர் அரியர்.

1927-இல் ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் லாங் என்பவர் 'மெட்ரோபொலிஸ்' என்ற மௌனப் படத்தை எடுத்தார். வானளாவும் மாடிகள், அவற்றுக்கடியில் பாடுபடும் தொழிலாளர், பெண் உருவில் ஓர் உலோக இயந்திரம், இவையே அப்படத்தின் உலகம். தெசுகா அதைப் பார்த்ததில்லை. ஒரு பத்திரிகையில் அந்த இயந்திரப் பெண்ணின் புகைப்படம் ஒன்றை மட்டும் பார்த்திருந்தார். அந்த ஒரே படத்தைக் கொண்டு, 1949-இல் 'மெட்ரோபொலிஸ்' என்று அதே பெயரில் தமது சொந்தக் கதையை வரைந்தார்! 2001-இல் ரின்டாரோ என்ற இயக்குநர் அம்மங்காவை அனிமேயாக எடுத்தபோது, லாங்கின் நகரத்தையும் அதில் சேர்த்துக் கொண்டார். புகைப்படமாக வந்த கடன் ஐம்பது ஆண்டுகள் கழித்து முழுமையாயிற்று.

தெசுகா 1952-இல் 'ஆஸ்ட்ரோ பாய்' கதையைத் தொடங்கினார். அது 1963 ஜனவரி முதல் நாளிலிருந்து தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. மகனை இழந்த விஞ்ஞானி அவனைப் போல் இயந்திரச் சிறுவனைச் செய்கிறார். அவன் வளராததால் சர்க்கஸுக்கு விற்கிறார். ஆம், எங்கள் கதையேதான். ஆனால் தெசுகாவின் கதையும் தனியே முளைத்ததன்று. மனிதனாக விரும்பிய மரப் பொம்மையின் கதையான 'பினோக்கியோ'வை இத்தாலியின் கார்லோ கொல்லோடி 1883-இலேயே நூலாக வெளியிட்டிருந்தார். பொம்மைகளின் பெரிய கண்களைத் தெசுகா அமெரிக்காவின் வால்ட் டிஸ்னியிடம் கற்றுக் கொண்டார். கொல்லோடியின் பொம்மை நல்ல பிள்ளையாய் நடந்து மனிதனாகிறது. தெசுகாவின் இயந்திரச் சிறுவனோ கடைசிவரை இயந்திரமாகவே இருந்து, மனிதரை விட நல்லவனாய் நடக்கிறான். அந்த மாற்றம் தெசுகாவின் சொந்தப் பொருள். அதனால்தான் கதையும் அவருடையதாயிற்று.

'2001: விண்வெளிப் பயணம்' என்ற புகழ்பெற்ற படத்தைத் தயாரித்து வந்த ஸ்டான்லி குப்ரிக், அதன் கலை அமைப்புக்குத் தம்மை அழைத்துக் கடிதம் எழுதினார் என்று தெசுகா பிற்காலத்தில் கூறியுள்ளார். தம் படக்கூடத்தை நெடுநாள் விட்டுப் போக இயலாததால் அவர் மறுத்துவிட்டாராம். டிஸ்னியிடம் கற்ற மாணவர் மேலை நாட்டார் தேடி வரும் ஆசானாகிவிட்டார் அல்லவா!

கடலிலிருந்து எழுந்த பூதம்

1954-இல் ஜப்பானில் வெளியான 'காட்ஸில்லா' படத்தை நம்மில் பலர் அறிவோம். 1933-இல் அமெரிக்காவில் வந்த 'கிங் காங்' படத்தைக் கண்டு வியந்த எய்ஜி சுபுராயா என்ற கலைஞரே இதன் தந்திரக் காட்சிகளை அமைத்தார். பொம்மையைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம் பிடிக்க நாளும் பணமும் போதாமையால், மனிதருக்கே பூத உடை அணிவித்து, சிறிய மாதிரி நகரத்தை மிதிக்கச் செய்தார்.

ஆனால் காட்ஸில்லாவின் உயிர் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஹிரோஷிமாவும் நாகசாகியும் அழிந்து ஒன்பது ஆண்டுகளே ஆகியிருந்தன. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில்தான் பிகினித் தீவில் நடந்த ஹைட்ரஜன் குண்டுச் சோதனையின் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மீது பொழிந்து, படகினரை நோயாளிகளாக்கியது. அந்தக் கண்ணீரை இயக்குநர் இஷிரோ ஹோண்டா அப்பூதத்தின் மேல் ஏற்றி வைத்தார். உருவம் கடன், துயரம் சொந்தம்.

2013-இல் கியெர்மோ டெல் டோரோ 'பசிபிக் ரிம்' என்ற படத்தில், கடலிலிருந்து எழும் பூதங்களையும் அவற்றோடு போரிடும் மாபெரும் இயந்திர மனிதரையும் காட்டினார். இரண்டும் ஜப்பானியத் திரையிலும் அனிமேயிலும் வளர்ந்தவை. படத்தின் இறுதியில் ரே ஹாரிஹாசன், இஷிரோ ஹோண்டா என்னும் இரு மூத்த கலைஞர்களின் நினைவுக்கு அப்படத்தைக் காணிக்கையாக்கினார்.

இரு குடியானவர்கள்

1977-இல் வந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ், முதலில் 'ஃபிளாஷ் கார்டன்' என்ற பழைய சித்திரக் கதையைத்தான் படமாக்க விரும்பினார். உரிமை கிடைக்கவில்லை. ஆகவே சொந்தமாக ஒரு விண்வெளிக் கதையை அமைக்கத் தொடங்கினார். அதற்கு அவருக்கு உதவியது அகிரா குரோசாவா 1958-இல் எடுத்த 'மறைந்த கோட்டை' என்ற ஜப்பானியப் படம். இளவரசி ஒருத்தியைப் பகைவர் நாட்டின் வழியே காப்பாற்றிச் செல்லும் கதை அது. ஆனால் குரோசாவா கதையை இளவரசியிடமிருந்தோ வீரனிடமிருந்தோ தொடங்கவில்லை. ஓயாமல் சண்டையிட்டுக் கொள்ளும் இரு ஏழைக் குடியானவர்களின் பின்னால் காமிராவை நடத்திச் சென்றார். ஸ்டார் வார்ஸில் அவ்விருவரும் நெட்டையும் குட்டையுமான இரு இயந்திரங்களாகிவிட்டார்கள். அவற்றுள் நெட்டையான பொன்னிற இயந்திரத்தைப் பார்த்தால், லாங்கின் உலோகப் பெண் நினைவுக்கு வருவாள்.

லூகாஸ் இக்கடனை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே கூறினார். பின்னர் குரோசாவா 'ககெமுஷா' என்ற படத்துக்குப் பணம் போதாமல் தவித்தபோது, லூகாஸும் இயக்குநர் கொப்போலாவும் ஓர் அமெரிக்கக் கம்பெனியை அணுகி உதவி பெற்றுத் தந்தனர். 1980-இல் அப்படம் கான் திரைப்பட விழாவின் தலையாய பரிசைப் பெற்றது. எடுத்ததை ஒப்புக்கொண்டது மட்டுமன்றி, திருப்பியும் கொடுத்த இந்நிகழ்ச்சியே எங்கள் உள்ளத்தை மிகவும் தொட்டது.

பச்சை எழுத்து மழை

அனிமேயிலிருந்து மேலை நாட்டார் பெற்ற கடனுக்குப் பெரும் எடுத்துக்காட்டு 1999-இல் வாச்சோவ்ஸ்கி உடன்பிறப்புகள் இயக்கிய 'தி மேட்ரிக்ஸ்'. (இது வயது வந்தோர்க்கான படம். ஆசிரியை தேர்ந்தெடுத்த சில காட்சிகளை மட்டுமே நாங்கள் பார்த்தோம் என்பதைப் பெற்றோர் கவனத்திற்குத் தெரிவித்துக் கொள்கிறோம்.)

இதன் வேரைத் தேடினால் 1995-இல் மாமோரு ஓஷீ இயக்கிய 'கோஸ்ட் இன் தி ஷெல்' என்ற அனிமேக்குப் போய்ச் சேர்கிறோம். மசமுனே ஷிரோவின் மங்காவிலிருந்து பிறந்த படம் அது. உடல் முழுதும் இயந்திரமாகிவிட்ட ஒரு பெண் அதிகாரி, தன் ஆன்மா எங்கே இருக்கிறது என்று தேடுகிறாள். வாச்சோவ்ஸ்கிகள் தங்கள் தயாரிப்பாளர் ஜோயல் சில்வருக்கு இந்த அனிமேயைப் போட்டுக் காட்டி, இதையே உண்மை மனிதரைக் கொண்டு எடுக்கப் போவதாகக் கூறினார்களாம். திரையில் ஓடும் பச்சைக் குறியீடுகள், பிடரியில் கம்பியைச் செருகிக் கணிப்பொறியோடு இணைதல், துப்பாக்கிச் சூட்டில் தூள் தூளாகும் தூண்கள் எனப் பல ஒற்றுமைகள் உள்ளன.

ஆயினும் மேட்ரிக்ஸ் வெறும் பிரதியன்று. உலகமே கனவானால் என்ன செய்வது என்ற வேறொரு கேள்வியை அது கேட்கிறது. கிரேக்க ஞானி பிளேட்டோவின் குகை, ஹாங்காங் சண்டைக் கலை ஆகியவற்றையும் அது சேர்த்துக் கொண்டது. விவிலியம் படிக்கும் நமக்கு அதன் பெயர்களே புரியும். மனிதரின் கடைசி நகரம் சீயோன். அவர்களுடைய கப்பல், கனவு கண்டு கலங்கிய மன்னன் நெபுகாத்நேசரின் பெயரைத் தாங்கியது. பச்சை மழையாய்ப் பொழியும் அந்த எழுத்துகளை அமைத்த சைமன் வைட்லி, தம் மனைவியின் ஜப்பானியச் சமையல் புத்தகங்களிலிருந்து அவற்றை எடுத்ததாகக் கூறியிருக்கிறார்!

வேர் அத்துடன் நிற்கவில்லை. ரிட்லி ஸ்காட் 1982-இல் எடுத்த 'பிளேடு ரன்னர்' படத்தில் நெரிசலும் மழையும் மின்விளக்கு விளம்பரங்களும் நிறைந்த நகரம் வருகிறது. அதன் சாயல் ஹாங்காங்குடையது. ஓஷீயின் நகரமும் ஹாங்காங்கைப் பார்த்து வரைந்ததே. ஆசியாவிலிருந்து போன கடன் சுற்றி வந்து ஆசியாவிலேயே மீண்டும் பூத்தது. மேட்ரிக்ஸ் வெற்றி பெற்றபின் வாச்சோவ்ஸ்கிகள் 2003-இல் 'அனிமேட்ரிக்ஸ்' என்ற ஒன்பது குறும்படங்களை உருவாக்கினர். அவற்றுள் பெரும்பாலானவற்றை இயக்கும் பொறுப்பை ஜப்பானியக் கலைஞரிடமே கொடுத்தனர்.

இதற்கு மாறாக, 2017-இல் 'கோஸ்ட் இன் தி ஷெல்' படத்தை முறைப்படி உரிமை பெற்று ஹாலிவுட்டில் மீண்டும் எடுத்தனர். காட்சிகள் பல அப்படியே இருந்தன. ஆனால் பழைய படத்தின் ஆழம் இதில் இல்லை என்றே பலர் கருதினர். மயிலைப் பார்த்து ஆடிய வான்கோழிக்கு அனுமதிச் சீட்டு இருந்தும் பயனில்லை போலும்.

வழக்கும் வருத்தமும்

எல்லாக் கடனும் இனிதே முடிவதில்லை. 1984-இல் 'டெர்மினேட்டர்' வந்தபோது, தாம் 1964-இல் தொலைக்காட்சிக்கு எழுதிய கதைகளை அது ஒத்திருப்பதாக எழுத்தாளர் ஹார்லன் எலிசன் முறையிட்டார். சமரசம் ஏற்பட்டு, படத்தில் அவருடைய படைப்புகளுக்கு நன்றி கூறும் வரி சேர்க்கப்பட்டது. இயக்குநர் ஜேம்ஸ் கேமரூன் அதனை ஒப்பவில்லை.

நம் நாட்டு மேதை சத்யஜித் ராய்க்கும் இத்தகைய வருத்தம் இருந்தது. வங்காளச் சிறுவர் இதழான 'சந்தேஷ்'-இல் அவர் 1962-இல் ஒரு கதை எழுதினார். எல்லாராலும் கேலி செய்யப்படும் ஏழைக் கிராம ஆசிரியர் ஒருவரை, வேற்றுலகிலிருந்து வந்த உயிர் ஒன்று சந்தித்து அவருக்குத் தைரியம் தருகிறது. அன்புள்ள வேற்றுலக உயிர் என்ற அவ்வெண்ணத்தை வளர்த்து, 1967-இல் 'ஏலியன்' என்ற திரைக்கதையை அமெரிக்கக் கம்பெனி ஒன்றுக்காக எழுதினார். தாமரைக் குளத்தில் வந்திறங்கி, ஒரு கிராமத்துச் சிறுவனோடு நட்புக் கொள்ளும் உயிரின் கதை அது. படம் எடுக்கப்படவே இல்லை. 1982-இல் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் 'ஈ.டி.' வெளிவந்து உலகையே கவர்ந்தது. இலங்கையில் வாழ்ந்த எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் இவ்வொற்றுமையை ராயிடம் எடுத்துச் சொன்னார். தம் திரைக்கதையின் தட்டச்சுப் பிரதிகள் அமெரிக்காவில் உலவாதிருந்தால் அப்படம் பிறந்திராது என்று ராய் கருதினார். ஸ்பீல்பெர்க் அதை மறுத்தார். ராய் வழக்குத் தொடுக்கவில்லை. 1992-இல் அவர் மறைந்தார். தாமரைக் குளத்தில் இறங்க வேண்டிய அந்த விண்கலம் காகிதத்திலேயே தங்கிவிட்டது.

சட்டம் என்ன சொல்கிறது? நம் நாட்டில் ஒரு நாடகத்தைப் பார்த்துத் திரைப்படம் எடுத்ததாக எழுந்த வழக்கில், உச்ச நீதிமன்றம் 1978-இல் தீர்ப்பு வழங்கியது. வெறும் கருத்துக்கோ கதைப் பொருளுக்கோ எவரும் உரிமை கொண்டாட முடியாது. அக்கருத்தை ஒருவர் அமைத்துச் சொன்ன வடிவத்துக்கே உரிமை உண்டு. இரண்டையும் பார்த்த ஒருவருக்கு 'இது அதன் நகலே' என்ற ஐயமற்ற எண்ணம் எழுமானால் அது குற்றம். அந்த வழக்கில் படம் நகலன்று என்றே முடிவாயிற்று. ஆனால் இந்த அளவுகோலைப் படித்தபோது நாங்கள் தலை குனிந்தோம். அந்த ஆறாம் வகுப்புச் சிறுமியே எங்கள் உச்ச நீதிமன்றம்!

நாங்கள் செய்தது

தேடலின் முடிவில் மூன்று செய்திகளை நெஞ்சில் எழுதிக் கொண்டோம். கடன் வாங்குவது குற்றமன்று. கொடுத்தவர் பெயரை மறைப்பதே குற்றம். வாங்கியதோடு நம்முடையது ஒன்றைச் சேர்க்காவிட்டால், பெயரைச் சொன்னாலும் பெருமையில்லை.

கிறிஸ்துமஸை ஒட்டி முதியோர் இல்லத்தில் நிகழ்ச்சி நடத்தும் வாய்ப்பு வந்தபோது, 'இரும்பு மகள்' நாடகத்தை மீண்டும் எழுதினோம். எங்கள் தோழி ஒருத்தியின் வீட்டுக் கதவு நிலையில் பென்சில் கோடுகள் உண்டு. ஒவ்வொரு பிறந்த நாளன்றும் அவள் தாய் அவளை நிறுத்தி உயரத்தைக் குறித்து வைப்பார். அந்தக் கதவை மேடைக்குக் கொண்டு வந்தோம். எங்கள் நாடகத்தில் தந்தை மட்டுமல்லாமல் இப்போது தாயும் வருகிறாள். ஆண்டுதோறும் இயந்திர மகளைக் கதவருகே நிறுத்திக் கோடு போடுகிறாள். எல்லாக் கோடுகளும் ஒரே இடத்தில் விழுந்து விழுந்து அங்கே ஒரு பள்ளமே உண்டாகிவிடுகிறது. தந்தை சர்க்கஸ்காரனை அழைத்து வருகிறார். தாய் கதவை விட்டு நகர மறுக்கிறாள். இந்த முடிவைத் தெசுகா எழுதவில்லை, நாங்கள் எழுதினோம். அன்று பாட்டிமார் கைதட்ட மறந்து அமர்ந்திருந்தனர். ஒரு பாட்டி மேடைக்கு வந்து அந்தப் பென்சில் கோட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

நிகழ்ச்சித் தாளில் இவ்வாறு அச்சிட்டிருந்தோம்: 'மூலக் கதை: ஒசாமு தெசுகா, ஜப்பான். நாடகமும் முடிவும்: பதினோராம் வகுப்பு மாணவியர்.' முன் வரிசையில் அமர்ந்திருந்த அந்தச் சிறுமியிடம் முதல் தாளைக் கொடுத்தோம். அவள் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "இப்போ சரியா இருக்குக்கா" என்றாள்.

அன்புத் தோழியரே! அடுத்த ஆண்டு மலருக்குக் கதையும் கவிதையும் எழுத எண்ணியிருக்கும் நீங்கள், படித்தவற்றிலிருந்து தாராளமாகக் கற்றுக் கொள்ளுங்கள். ஆனால் அனுப்பும் முன் உங்கள் வீட்டுக் கதவு நிலையையும் ஒருமுறை பாருங்கள். எவரிடமும் கடன் வாங்காத கோடு அங்கே ஒன்று இருக்கும்.

— பதினோராம் வகுப்பு மாணவியர்